கதவு விளிம்பில் ஒட்டியிருந்த 26

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு சாத்தும் இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் அளவு என்ன, எவ்வளவு எடை ஏற்றலாம், எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ஒரே வண்டியைப் பத்து வருடம் ஓட்டியவர்களில்கூட பலர் அதைக் குனிந்து படித்திருக்க மாட்டார்கள். 1990-களில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வாங்கியவர்களின் கதையை அந்த ஸ்டிக்கரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் காற்றழுத்தம் 26 என்று இருந்தது, அதாவது சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. அதே வண்டியில் மாட்டியிருந்த ஃபயர்ஸ்டோன் டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 35 பவுண்டு என்று அச்சாகியிருந்தது.

அந்த டயர்கள் பிய்ந்து நடந்த விபத்துகளில் 271 பேர் இறந்தார்கள் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்கு. காயமடைந்தவர்கள் 800 பேருக்கு மேல். இறந்தவர்களில் பெரும்பாலானோர் எக்ஸ்ப்ளோரரில் போனவர்கள். வணிகப் பாடங்களில் இதை இரண்டு பெரிய நிறுவனங்களின் சண்டையாகச் சொல்வார்கள். யார் என்ன அறிக்கை விட்டார்கள், எந்தத் தலைவர் பதவி இழந்தார் என்று அந்தப் பேச்சு போகும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வண்டிக்காரர்களின் அனுபவம் பல வருடங்களாக வெளியே கொட்டிக்கொண்டே இருந்தது. காப்பீட்டுக்காரரிடம் கொஞ்சம், வழக்கறிஞரிடம் கொஞ்சம், டயர் நிறுவனத்திடம் கொஞ்சம் என்று அது சிதறிக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. அடுத்து அந்த வண்டியில் ஏறப்போகிறவருக்குத்தான் அது கடைசியாகத் தெரியவந்தது.

லாரியின் எலும்பு

எக்ஸ்ப்ளோரர் 1990 வசந்தத்தில், 1991 மாடலாக விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் அதே இடத்தில் ஃபோர்டு விற்றுக்கொண்டிருந்தது ப்ரோன்கோ 2. சீக்கிரம் கவிழும் என்று பெயர் வாங்கி, வழக்குகளில் சிக்கிய வண்டி அது. இரண்டுமே ரேஞ்சர் என்ற சிறிய பிக்கப்பின் பிள்ளைகள். ஏணி மாதிரியான சேசிஸ், பின்னால் லீஃப் ஸ்பிரிங், முன்னால் ஃபோர்டின் பிக்கப்புகளில் பழகிய 'ட்வின் ஐ-பீம்' சஸ்பென்ஷன், எல்லாம் ரேஞ்சரிலிருந்து வந்தவை. அதன் மேல் நாலு கதவு, மெத்தை வைத்த சீட், ஏசி, பின்னால் சாமான் வைக்க இடம் என்று குடும்பத்துக்கு ஏற்ற உடல் ஏறியது.

மக்களுக்கு அது பிடித்துப்போனது, அதில் ஆச்சரியமும் இல்லை. உயரமான சீட்டில் உட்கார்ந்தால் ரோடு முழுக்கத் தெரியும். பிள்ளைகள், நாய், சைக்கிள், முகாம் சாமான் எல்லாம் உள்ளே போகும். படகைப் பின்னால் கட்டி இழுக்கலாம், பனியிலும் மண்பாதையிலும் போகலாம். 90-களில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற எஸ்யூவி அதுதான். நல்ல வருடங்களில் விற்பனை 4 லட்சத்தைத் தாண்டியது. அதுவரை ஸ்டேஷன் வேகன் ஓட்டிய அப்பா அம்மாக்கள்தான் இதை வாங்கினார்கள். பழைய காரை ஓட்டிய அதே பழக்கத்தோடு இதையும் ஓட்டினார்கள். விடுமுறை வந்தால் வண்டி நிறைய ஆளும் சாமானும், தலைக்கு மேல் கேரியரில் இன்னும் கொஞ்சம், நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர், ஆகஸ்ட் மாத டெக்சஸ் வெயில்.

ஒரு வண்டி எளிதில் கவிழுமா என்று கணக்குப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடுத்து, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதால் வகுக்க வேண்டும். எண் பெரிதாக இருந்தால் வண்டி நிலைத்து நிற்கும். பிக்கப் சேசிஸ் மேல் குடும்ப உடலை ஏற்றும்போது உயரம் கூடுகிறது, ஆனால் அகலம் பிக்கப்பின் அகலமாகவே இருக்கிறது. ஆட்களும் மேலே சாமானும் ஏறினால் எடை மையம் இன்னும் மேலே போகும்.

26 எங்கிருந்து வந்தது

பின்னாளில் வழக்குகளின்போது ஃபோர்டின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. விற்பனைக்கு வருவதற்கு முன், 1989-ல், மாதிரி வண்டிகளை அரிசோனா சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். வேகமாகப் போய் ஸ்டியரிங்கைச் சட்டென்று வெட்டும் சோதனையில் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பின. என்ன செய்யலாம் என்று பொறியாளர்கள் யோசனைகளை எழுதினார்கள். சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தைக் கூட்டலாம், வண்டியைத் தாழ்த்தலாம், ஸ்பிரிங்கை மாற்றலாம், டயரில் காற்றைக் குறைக்கலாம்.

அகலத்தைக் கூட்டுவது பெரிய வேலை. சேசிஸ், ஆக்சில், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் தொட வேண்டும், வெளியீட்டுத் தேதி தள்ளிப்போகும். காற்றைக் குறைக்க ஸ்டிக்கரில் எண்ணை மாற்றினால் போதும். காற்று குறைந்த டயர் ரோட்டைக் கொஞ்சம் மந்தமாகப் பிடிக்கும். வெட்டித் திருப்பும்போது வண்டி தூக்கி எறிவதற்குப் பதில் சற்று வழுக்கும். உள்ளே இருப்பவருக்குக் குலுங்கலும் குறையும். சவாரி, கையாளுதல் இரண்டுக்கும் பொருத்தமான எண் 26 என்றுதான் ஃபோர்டு கடைசி வரை சொன்னது.

இதில் எனக்கு ஆறாத இடம் ஒன்று இருக்கிறது. வண்டியின் வடிவத்தில் தீர்க்க வேண்டியதில் ஒரு பங்கை டயரிடம் ஒப்படைத்தார்கள். டயரோ தானாகக் காற்று இழக்கும் பொருள். நல்ல டயரிலும் மாதாமாதம் கொஞ்சம் இறங்கும், குளிர் வந்தால் இன்னும் இறங்கும். 35-ல் தொடங்குபவர் மூன்று மாதம் மறந்தாலும் தாங்கும். 26-ல் தொடங்குபவர் மறந்தால் 20-க்கு வந்து நிற்பார். ரேடியல் டயருக்கு எப்போதுமே அடிப்பக்கம் லேசாகப் பிதுங்கித்தான் இருக்கும்; 26-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அளவுமானி வைத்துப் பார்த்தால்தான் உண்டு. நம் ஊர் பெட்ரோல் பங்கில் "எவ்வளவு சார்?" என்று கேட்டால் பழக்கத்தில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அங்கேயும் மக்கள் அப்படித்தான்.

டயருக்குள் நடந்தது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாம் இங்கேதான் நடந்தது.

ரேடியல் டயரில், ரோட்டில் படும் பட்டன் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன இரண்டு பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ரப்பர்தான் பசை. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும், தரையைத் தொடும் இடம் தட்டையாகி மீண்டும் வளைகிறது. அப்போது இரண்டு பட்டைகளின் விளிம்புகளும் ஒன்றை ஒன்று உரசுவது மாதிரி எதிரெதிராக இழுபடும். அந்த விளிம்பில்தான் இழுவிசை அதிகம். காற்று குறைந்தால் டயர் இன்னும் அதிகமாக வளையும், எடை கூடினாலும் அப்படியே. வளைவு கூடக் கூட சூடு ஏறும், சூட்டில் ரப்பரின் பிடி தளரும்.

முதலில் விளிம்பில் முடி அளவுக்கு ஒரு விரிசல் விடும். அது பட்டைகளுக்கு நடுவே மெல்ல உள்ளே போகும். இதற்கு மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். வெளியே டயர் புதுசு மாதிரியே இருக்கும், பட்டனும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். ஒரு நாள் நெடுஞ்சாலை வேகத்தில், உள்ளே பிரிந்துபோன பகுதி வெளிப்பக்க விசையைத் தாங்க முடியாமல் மேல்பட்டையோடு சேர்ந்து உரிந்துவிடும். பல நேரம் டயரில் காற்று அப்படியே இருக்கும். மேல்தோல் மட்டும் போயிருக்கும்.

பெரும்பாலும் இது பின் சக்கரத்தில் நடந்தது. சிலருக்கு முன்கூட்டியே தட்தட் என்ற சத்தமும் அதிர்வும் வந்தன. பலருக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. உரிந்த பட்டை சக்கரக் கூண்டில் அடிக்கும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பி பிரேக்கில் கால் வைப்பார்கள். பின் சக்கரத்தில் ரோட்டைப் பிடிக்கும் பகுதியே போயிருப்பதால், பின்பக்கம் வழுக்கி வெளியே சுற்றும். வண்டி குறுக்காகிவிடும். குறுக்காகப் போகும் உயரமான வண்டி ரோட்டோர மண்ணில் இறங்கினால் சக்கரம் மண்ணில் புதைந்து வண்டி உருளும். பெல்ட் போடாதவர்கள் வெளியே வீசப்பட்டார்கள். இதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

வெயிலும் இதில் பங்காளி. அரிசோனா, டெக்சஸ், ஃபுளோரிடா, கலிஃபோர்னியா என்று சூடான மாநிலங்களிலிருந்துதான் புகார்கள் குவிந்தன. அமெரிக்காவில் டயர்களுக்குச் சூடு தாங்கும் திறனை வைத்து ஏ, பி, சி என்று தரம் போடுவார்கள். இந்த டயர்களின் தரம் சி, சட்டம் அனுமதிக்கும் கடைசிப் படி.

யாருக்கு எது தெரிந்திருந்தது

1998-ல் ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த சாம் பாய்டன் ஒன்றைக் கவனித்தார். ஒரே அளவு ஃபயர்ஸ்டோன் டயர், பட்டை உரிந்த விபத்து, அதில் பெரும்பாலும் எக்ஸ்ப்ளோரர். சுமார் 20 கோப்புகள் சேர்ந்ததும் அரசின் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். நன்றி சொன்னார்கள், விசாரணை தொடங்கவில்லை. அவர் மறுபடியும் அனுப்பினார். கோடிக்கணக்கான டயர்கள் ஓடும் நாட்டில் 20 என்பது அதிகாரிகளுக்குச் சின்ன எண்ணாகப் பட்டிருக்கும். ஆனால் அந்த 20-ம் ஒரே நிறுவனத்தின் காப்பீட்டுக்காரர்களிடமிருந்து வந்தவை. மற்ற நிறுவனங்களின் அலமாரிகளில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டிருக்கலாம்.

வழக்கறிஞர்களுக்கு இன்னும் முன்னாலேயே தெரியும். குடும்பங்கள் வழக்குப் போட்டன. நிறுவனங்கள் நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடித்தன, ஆவணங்கள் ரகசியம் என்ற நிபந்தனையோடு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தங்களுக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் மாதிரிதான் அது தெரிந்திருக்கும்.

வெளிநாடுகளில் கதை இன்னும் முன்னே போய்விட்டது. சவுதி அரேபியாவிலும் பக்கத்து வளைகுடா நாடுகளிலும் வண்டிகள் கவிழ, 1999-ல் ஃபோர்டு அங்கே டயர்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. 2000-ன் முதல் பாதியில் மலேசியா, தாய்லாந்து, வெனிசுவேலா என்று அது தொடர்ந்தது. வெளிநாட்டில் செய்யும் மாற்றத்தை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அப்போது சட்டம் இல்லை, அவர்களும் தெரிவிக்கவில்லை. ரியாத்தில் வண்டி வைத்திருந்தவருக்குப் புது டயர் கிடைத்த அதே மாதங்களில், ஹூஸ்டனில் ஒருவர் அதே டயரோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தார். இந்தக் கதை முழுவதிலும் என்னால் மன்னிக்க முடியாத இடம் இதுதான்.

துண்டுகளை முதலில் பொதுவெளியில் சேர்த்தது ஹூஸ்டன் நகரத்து உள்ளூர்த் தொலைக்காட்சி, கேஹெச்ஓயூ. 2000 பிப்ரவரி 7 அன்று செய்தியாளர் ஆனா வெர்னரின் அறிக்கை ஒளிபரப்பானது. அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் இப்படி ஆயிற்று என்று மக்கள் நிலையத்துக்கு அழைக்கத் தொடங்கினார்கள். நிலையம் அவர்களை அரசின் புகார் எண்ணுக்கு அனுப்பியது. மே மாதம் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியது. வருடக்கணக்கில் நகராதது மூன்று மாதத்தில் நகர்ந்தது.

ஆகஸ்ட் 2000

ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன், ஏடிஎக்ஸ், ஏடிஎக்ஸ் 2 டயர்களையும், இல்லினாய் மாநிலத்து டெகேட்டர் ஆலையில் செய்த வில்டர்னஸ் ஏடி டயர்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மொத்தம் செய்தது 1.44 கோடி, அதில் இன்னும் ரோட்டில் ஓடுபவை சுமார் 65 லட்சம் என்று கணக்கு. எல்லாம் 15 அங்குலச் சக்கரத்துக்கான ஒரே அளவு.

வண்டிக்காரர்களுக்கு வந்த முதல் வேலை தங்கள் டயரைப் படிப்பது. வில்டர்னஸ் ஏடி என்றால் எந்த ஆலை என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் 'டிஓடி' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் 'விடி' என்று இருந்தால் டெகேட்டர். அந்த முழு வரிசை எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போயிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, சேற்றைத் துடைத்து, கறுப்பு ரப்பரில் கறுப்பாகவே புடைத்திருக்கும் எழுத்தை விரலால் தடவிப் படிக்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் இதைச் செய்து, பிறகு ஸ்டெப்னிக்கும் செய்ய வேண்டும். நாளைக் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப்போக வேண்டும் என்ற நினைப்போடு அப்படிப் படுத்திருந்தவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

படித்து முடித்தாலும் டயர் கிடைக்கவில்லை. மாற்று டயர் போதாததால் முதலில் சூடான மாநிலங்கள், அப்புறம் மற்றவை என்று வரிசை வைத்தார்கள். கடைசி வரிசையில் இருந்தவர்கள் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும் என்ற நிலை. எதிர்ப்புக் கிளம்பியதும், வேறு நிறுவன டயரை வாங்கிக்கொண்டால் ஒரு டயருக்கு 100 டாலர் வரை திருப்பித் தருவதாக ஃபயர்ஸ்டோன் சொன்னது. ஃபோர்டு மூன்று ஆலைகளைச் சில வாரம் நிறுத்தி, புது வண்டிகளுக்கு வைத்திருந்த சுமார் 70,000 டயர்களை வெளியே அனுப்பியது. அது நல்ல செயல் என்பதை மறுக்க முடியாது.

இரண்டு பேரும் சொன்னது

ஃபோர்டின் வாதம் எளிமையானது: இது டயர் பிரச்சினை. எக்ஸ்ப்ளோரரில் சில வருடங்கள் குட்இயர் டயரும் மாட்டினோம், அதே 26 பவுண்டு காற்று, அவை இப்படி உரியவில்லை. ஃபயர்ஸ்டோன் திருப்பிக் கேட்டது: எங்கள் டயர் ரேஞ்சரிலும் ஓடுகிறதே, அது ஏன் இப்படிக் கவிழவில்லை? ஒரு டயரின் மேல்பட்டை உரிந்தால் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்த முடிய வேண்டாமா?

இரண்டுமே நியாயமான கேள்விகள் என்று நான் நினைக்கிறேன். 2001 அக்டோபரில் வந்த பாதுகாப்பு நிர்வாகத்தின் அறிக்கை டயர் பக்கம் தெளிவாகப் பேசியது. பட்டன் பகுதியும் பக்கவாட்டும் சேரும் தோள்பகுதியின் வடிவத்தால் பட்டை விளிம்பில் விசை கூடியது, விளிம்புகளுக்கு நடுவே வைக்கும் ரப்பர் ஆப்பு போதிய கனத்தில் இல்லை என்றது. அதன் பேரில் இன்னும் சுமார் 35 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. வண்டியின் கையாளுதலையும் விசாரியுங்கள் என்ற ஃபயர்ஸ்டோனின் கோரிக்கையை 2002 பிப்ரவரியில் நிர்வாகம் நிராகரித்தது. பட்டை உரிந்த நிலையில் எக்ஸ்ப்ளோரர் மற்ற எஸ்யூவிகளைவிட மோசமாக நடந்துகொள்ளவில்லை என்பது அதன் முடிவு. எனக்கு அந்த முடிவு முழு நிம்மதி தரவில்லை. மற்ற வண்டிகளும் அப்படித்தான் என்பது உள்ளே இருந்தவர்களுக்கு ஆறுதல் ஆகுமா?

டெகேட்டர் ஆலையின் கதையும் இதில் பின்னிக்கிடக்கிறது. 1994-ல் அங்கே வேலைநிறுத்தம் தொடங்கியது. நிறுவனம் மாற்று ஆட்களை வைத்து ஆலையை ஓட்டியது. 12 மணி நேர ஷிஃப்ட் வந்தது. 1996 இறுதியில்தான் ஒப்பந்தம் முடிந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் ஆலன் க்ரூகரும் அலெக்ஸாண்டர் மாஸும் பின்னாளில் புகார்களை உற்பத்தித் தேதியோடு வைத்துப் பார்த்தார்கள். தகராறு நடந்த காலத்தில் அந்த ஆலையில் செய்த டயர்களில் கோளாறு கூடியிருந்தது. மாற்று ஆட்களும் திரும்பி வந்த பழைய ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்த மாதங்களில் அது குறிப்பாகத் தெரிந்தது.

ஃபோர்டுக்கும் ஃபயர்ஸ்டோனுக்கும் 1906-லிருந்து உறவு. இரண்டு குடும்பங்களும் சம்பந்திகள். அப்போது ஃபோர்டின் தலைவராக இருந்த வில்லியம் கிளே ஃபோர்டு ஜூனியர், ஹென்றி ஃபோர்டு, ஹார்வி ஃபயர்ஸ்டோன் இருவருக்குமே கொள்ளுப்பேரன். 2001 மே 21 அன்று ஃபயர்ஸ்டோன் தலைவர் ஜான் லாம்ப், இனி ஃபோர்டுக்கு டயர் தரமாட்டோம் என்று கடிதம் எழுதினார். மறுநாள் ஃபோர்டு, மீதமுள்ள 1.3 கோடி வில்டர்னஸ் ஏடி டயர்களைத் தன் செலவில் மாற்றித் தருவதாக அறிவித்தது.

இந்த விவகாரத்தால் ஒரு புதுச் சட்டம் 2000 நவம்பரிலேயே வந்துவிட்டது. வெளிநாட்டில் திரும்பப் பெற்றாலும் தெரிவிக்க வேண்டும். இறப்பு, காயம், வாரண்டி கோரிக்கை எல்லாவற்றையும் முன்கூட்டியே அரசுக்குக் கொடுக்க வேண்டும். சாம் பாய்டன் கையால் சேர்த்ததை இனி நிறுவனங்களே சேர்த்துத் தர வேண்டும் என்றானது. காற்று குறைந்தால் டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கும் இந்தச் சட்டத்திலிருந்து வந்ததுதான். 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயமானது.

டெகேட்டர் ஆலை 2001 டிசம்பரில் மூடப்பட்டது. அதே வருடத் தொடக்கத்தில் ஃபோர்டு 2002 மாடல் எக்ஸ்ப்ளோரரை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. பின்னால் லீஃப் ஸ்பிரிங் இல்லை, சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே முன்பைவிட இரண்டரை அங்குலம் அகலம்.